மூன்றாம் மாடிக் குழாய்

வான்சாய்,
ஜூலை 1963

மூன்றாம் மாடிக்கு,

இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவேன். சமாதானம் பேச வரவில்லை.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் இன்றும் வந்தது. நீ குழாயைத் திறந்தால் நாலாம் மாடியில் எனக்குத் தண்ணீர் ஏறாது. வழக்கம்போலக் கத்தப்போனேன். உன் கருவாட்டின் மேல் என் ஈரத்துணி சொட்டிய நாளிலிருந்து நமக்குள் இருக்கும் பேச்சு அது ஒன்றுதானே!

"கீழ் வீடு! கொழாய மூடு!"

"மூட முடியாது, போடி!"

இன்று வாய் திறக்கும் முன்பே என் குழாய் சீறியது. வாளி, அண்டா, குழந்தையின் தொட்டிகூட நிரம்பிவிட்டது. எனக்குத்தான் கை ஓடவில்லை.

எதிர் அரிசிக்கடை ஃபோங் வேறு, "என்னம்மா, இன்னிக்குச் சண்டை இல்லியா? தெருவே காத்துக் கெடக்கு!" என்கிறார்.

உன் கதவைத் தட்டினேன். இருமல் மட்டும் கேட்டது. தனியாகக் கிடந்துகொண்டு இவ்வளவு வீம்பா?

வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் கஞ்சியும் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும்? அதனால் என் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் இன்னொரு அண்டாவை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். என் தண்ணீர் நின்றால்தான் எனக்கு மூச்சு வரும்.

குழாயைத் திற, அக்கா.

மேல் வீட்டுக்காரி