நோராவுக்காக எழுத வந்த பெண்

நோரா அப்பாவுக்கு,

மீன்குழம்பு மூடி வைத்திருக்கிறேன், பூனை ஜாக்கிரதை. ஜோகுபாளையத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நம் நோரா மாதிரி கண் தெரியாத பிள்ளை சொல்வதைப் பரீட்சையில் எழுத, கீழ் வகுப்புப் பெண்தான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. நீங்கள் கூட்டி வந்த ஃபிலோமினா நிஜமாகவே நோராவுக்கு ஒரு வகுப்பு கீழே, நாலாவது பாரம்தானா? நேற்று பழக்கத்துக்கு எழுதியபோது, நோரா ஒரு கணக்குக்கு விடை பதினாறு என்றது அடுப்படியில் என் காதில் விழுந்தது. தாளில் பதினெட்டு இருக்கிறது. நேற்றே திருத்திக் கொடுத்த டீச்சர் அதற்குச் சரி போட்டிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லி வைத்தீர்கள்?

பிரிஜெட்

இன்னொன்று. "எல்லாம் நானே போட்டேம்மா, ஒண்ணுகூட தப்பில்லயாம்!" என்று நோரா காலையில் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஜடை பின்னி அனுப்பிவிட்டேன். தாள் மேசைமேல் இருக்கிறது. நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.