கம்ப்யூட்டர் மறக்காத பாஸ்வேர்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்த மெயில், பாதியில் மூடாமல் முழுசாகப் படி. செவ்வாய்க்கிழமை ஏன் அத்தனை தடவை கூப்பிட்டேன் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன். பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று காலையில் ஸ்கேன் டாக்டர் பேசி அனுப்பிய ரிப்போர்ட்டுகளை வழக்கம்போல ஹெட்போனில் கேட்டு டைப் அடித்து அனுப்பிவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். அப்பாவின் சட்டையை உதறும்போது சுருக்கென்றது. ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகத்தில் கட்டி, அன்று மதியமே ஆபரேஷன். மேலே விவரம் சொல்லும்போது இடது என்றவர், கடைசியில் முடிவு சொல்லும்போது வலது என்றாரோ, நானும் கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே அடித்துவிட்டேனோ என்று சந்தேகம். சட்டையைக் கொடியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால் விபிஎன் அறுந்து கிடக்கிறது. அது இல்லாமல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாதே, ரிப்போர்ட்டும் டாக்டர் பேசிய ஆடியோவும் உள்ளேதான் இருக்கின்றன. கனெக்ட் என்று அழுத்தினால் சுற்றிச் சுற்றி வந்து, பெயரோ பாஸ்வேர்டோ தப்பு என்கிறது. தப்பாக அடிப்பதற்கு என்னை எங்கே அது கேட்டது? ஒன்றுமே கேட்கவில்லை! நானும் விடாமல் அழுத்த, கடைசியில் என் கணக்கையே பூட்டிவிட்டது. ஸ்கேன் அறைக்குப் போட்டால் எங்கேஜ்ட். வார்டில் எடுத்த நர்ஸ், ஃபைல்ல இருக்கறதுதான் எங்களுக்குத் தெரியும், நீங்க யாருங்க என்றாள். வீட்டிலிருந்து டைப் அடிக்கிறவள் என்றால் யார் காதில் ஏறும்? உனக்குத் திரும்பத் திரும்பப் போட்டேன், நீ எடுக்கவில்லை. அந்தப் பயம் போதாதென்று உனக்கு என்ன ஆயிற்றோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், நீ உள்ள போற வழியப் பாரு, நான் நேர்ல போறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், ஒரு கன்னத்தில் நுரையோடு. நான் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பிடித்தேன். அங்கே இருக்கும் பெண் நிதானமானவள். பாஸ்வேர்ட ஏதாவது மாத்தினீங்களாம்மா என்று கேட்டாள். முந்தின நாள்தானே எல்லோரையும் மாற்றச் சொன்னார்கள், நானும் மாற்றினேன் என்றேன். இங்க ஆஸ்பத்திரியில மாத்திட்டீங்க, உங்க விபிஎன்னுக்கு யாரு சொன்னா, அது இன்னும் பழசையே ஒப்பிச்சுக்கிட்டு இருக்கு, நேத்துலேருந்து கனெக்‌ஷன் அறாம இருந்ததால காலைல தெரியல என்றாள். நான் சிரமப்படக் கூடாதென்று பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும்படி நீ கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான். அவள் பூட்டை எடுத்துவிட்டு, செட்டிங்ஸில் விபிஎன்னுக்குப் போய், நம் கனெக்‌ஷனுக்குள் சேமித்து வைத்திருக்கும் லாகின் விவரத்தை அழிக்கச் சொன்னாள். எனக்குக் கை ஓடவில்லை, எல்லாமே போய்விட்டால் என்ன செய்வது என்றேன். கணக்கு போகாதும்மா, ஞாபகம்தான் போகும் என்றாள். அழித்தேன். மறுபடி கனெக்ட் அழுத்தியதும் மரியாதையாகப் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது பார், புதியதை ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன், திறந்துகொண்டது.

ஆடியோவைத் திரும்பக் கேட்டால் என் சந்தேகம் நிஜம்தான், மேலே இடது, கீழே வலது. உடனே ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி போட்டு, டாக்டர் பார்க்காமல் யாரும் எடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அங்கே உன் அப்பா ஆபரேஷன் அறை வாசலில் காவலாளியிடம், என் பொண்டாட்டிக்கு ஒரு சந்தேகம் வந்தா அது சும்மா வராதுங்க, அனுபவப்பட்டவன் சொல்றேன் என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். சத்தம் கேட்டு வந்த ஆபரேஷன் அறை நர்ஸ் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பக்கமிருந்தும் செய்தி போனதால் ஸ்கேன் படத்தையே எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இடதுதான். திருத்திவிட்டு, கொஞ்சம் தாமதமாக ஆபரேஷன் நடந்தது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம், அப்பா மறுநாளும் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அனுப்பியதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஸ்கேன் டாக்டர் எனக்குப் போன் எதுவும் செய்யவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நேற்று அவர் பேசி அனுப்பிய வேறொரு நோயாளியின் ரிப்போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடது என்று சொன்னவர் ஒரு கணம் நிறுத்தி, இடதுதாம்மா, ரெண்டு தடவ பாத்துட்டேன் என்றார். முகம் பார்த்திராத மனிதர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், அப்பாவிடம் சொல்லாதே.

உன் கம்ப்யூட்டரிலும் எதையெதை நினைவில் வைக்கச் சொல்லியிருக்கிறாய் என்று ஒருமுறை பார்த்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். வேலை நேரத்தில் என் போனை எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஒரே ஒரு புள்ளியைத் தட்டி அனுப்பு, அது போதும் எனக்கு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா