மடியாத பூ

கார்த்திகை 12, வியாழன்

ஆய்வேட்டின் நான்காம் இயலை நாளை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயம். அதன் மரத்தடுப்பில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் தீட்டிய ஒரு புனிதையின் ஓவியம். அவள் உடுத்தியிருப்பது பொன்பூப் போட்ட இத்தாலியப் பட்டு. அந்தப் பட்டை நேரில் பார்த்துத்தான் உள்ளூர் ஓவியர் வரைந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

மதியம் கோரிப்பாளையத்தில் அந்தப் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்தேன். பக்கத்துச் சேலைக்கடையில் வேலை பார்க்கும் என் நண்பன் செல்வத்திடம் காட்டினேன்.

"மாப்ள, துணி இம்புட்டு மடிஞ்சு கெடக்கு. பூ மட்டும் ஏன் மடியல?"

எனக்குப் புரியவில்லை. ஒரு சேலையை எடுத்துக் கொசுவம் வைத்துக் காட்டினான். மடிப்புக்குள் பூக்கள் பாதி மறைந்துபோயின. படத்திலோ எல்லாப் பூக்களும் முழுசாக, ஒரே அளவாக இருந்தன.

"துணியப் பாத்து வரையல. பூவ அட்டையில வெட்டி, அத வச்சு மேல சாயம் அடிச்சிருக்காங்க."

அப்படியானால் கடல் தாண்டி அந்த ஓவியரிடம் வந்து சேர்ந்தது பட்டே இல்லை, பூவின் வடிவம் மட்டுமாகவும் இருக்கலாம். மூன்று வருடமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன். கோபம்தான் முதலில் வந்தது. "சரி, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இயலைத் திருத்தியாயிற்று. நெறியாளர் என்ன சொல்வாரோ. நன்றிப் பக்கத்தில் எல்லாரும் முனைவர், பேராசிரியர். கடைசியில் அவனைச் சேர்த்தேன்: செல்வம், சேலைக்கடை. அந்தப் பட்டியலில் படத்தை ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.