மைனாவுக்குப் பதில் சொல்லக் கூடாது

அம்மா,

சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ரோஸ் டப்பாவைத் திறந்துடாதே, பறவைக் குஞ்சுங்களுக்கு வாங்கின புழு.

"சம்பளமில்லாத பயிற்சிக்கு இவ்வளவு பவுசா"ன்னு நீ ஆரம்பிச்சதுல சொல்ல விட்டுப்போச்சு. எங்க பறவை மீட்பு மையத்துல ஒரு மைனா இருக்கு. வளர்த்தவங்க செத்துட்டாங்க. அது இன்னும் அவங்க குரல்லயே "கண்ணு, சாப்பிட்டியா?"ன்னு கேக்குது. மனுஷப் பேச்சை மறந்தாதான் வெளிய பறக்க விடலாம், யாரும் பதில் சொல்லாதீங்கன்னு டாக்டர் உத்தரவு. நேத்து தண்ணி மாத்தும்போது வாய் தவறி "சாப்பிட்டேம்மா"ன்னுட்டேன். அதோட சரி, அது கேக்கவே இல்ல. என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கு.

வீட்டுக்கு வந்தா, என் ரூம் கதவுக்கு வெளிய நின்னு நீயும் அதையே கேட்டே. நான் பேசாம இருந்தது கோவத்துல இல்லம்மா, பயத்துல.

பி.கு: இன்னிக்கும் கேளு.