கப்பலின் பெயருக்கு அர்ச்சனை

ஜூன் 3, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. மடிக்கணினி முழுக்கப் புழுதி. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்; அப்பா விடியவே மண்வெட்டியோடு வயலுக்கு.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை தரும் மேகலா அக்கா வவுனியாவிலிருந்து அடுத்த கட்டுரையை அனுப்பியிருக்கிறார். இணையக் கலைக்களஞ்சியத்துக்கு. பிரித்தானியக் கடற்படையின் ஆரம்பகால நாசகாரிப் போர்க்கப்பல் ஒன்று, நூறு வருடத்துக்கும் முந்தியது. வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.

"கப்பல் எண்டபடியா உமக்குத் தந்தனான். உம்மட அண்ணா கப்பலிலதானே?"

ஓம் என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மிச்சம் இது. அண்ணாவின் கப்பல் ஓடவில்லை. பத்து மாதமாக அந்நியத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரம். முதலாளி கைவிட்டுவிட்டான், நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது. மற்ற எல்லோரும் ஊர் போய்விட்டார்கள். விற்கும்வரை காவலுக்கு ஒருவர் கப்பலிலேயே இருக்க வேண்டும். அதற்கான தாளில் கையெழுத்து வைத்தவர் அண்ணா.

வைக்கச் சொன்னது நான். நாலு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். நாலாவது மங்கல். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திரும்ப எடுத்து அனுப்புங்கோ என்று கேட்கக் கூச்சம். அண்ணாவிடமே கூச்சம். மூன்று பக்கத்தை வாசித்துவிட்டு, பிரச்சினை இல்லை, வையுங்கோ என்று எழுதினேன்.

காவல் விஷயம் நாலாவது பக்கத்தில்.

ஜூன் 4, புதன்

கட்டுரை பாதி. இதுவரை விளங்கியவை:

– எதிரியின் டோர்ப்பிடோப் படகுகளைத் துரத்திப் பிடிக்கக் கட்டியது. நீளம், ஒல்லி, மெல்லிய தகடு.

– முன்தளம் ஆமை ஓடு போல வளைவு. அலை வழிந்து ஓடட்டும் என்று. உண்மையில் மூக்கு அலைக்குள் புதைந்து, மேலே நின்றவர்கள் நனைந்தார்கள்.

– மணிக்கு முப்பது கடல் மைல் வேகம். அது வெள்ளோட்டத்தில். அமைதியான கடல், பொறுக்கி எடுத்த நிலக்கரி, பொறுக்கி எடுத்த ஆட்கள். பிறகு சேவையில் அந்த வேகம் வரவேயில்லை.

கடைசிப் புள்ளியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பஸில் இங்கிலீஷ் பரீட்சைக்கு எனக்கு ஏ.

பின்னேரம் அம்மா, அண்ணாவைக் கப்பலுக்கு அனுப்பிய கொழும்பு முகவருக்கு ஃபோனை அடித்து என் கையில் திணித்தார். "படிச்ச பிள்ளை, நீ கதை."

மறுபக்கம் ஒரு பெண், கடகடவென்று இங்கிலீஷ். ஹலோ என்றேன். அதற்குமேல் எனக்கு வந்ததும் இன்னொரு ஹலோதான். கொஞ்ச நேரம் பாட்டுப் போனது. பிறகு வைத்துவிட்டார்கள்.

"என்னவாம்?"

"பாக்கினமாம்."

பொய்.

அப்பா கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருசம் அலைஞ்சி பாஸ்போட்டு எடுத்தான். ஏறினது ஒரு நாளுல. இறங்கத்தான் வழி தெரியல."

அப்பா மலைநாட்டிலிருந்து இங்கே வந்தவர்; இன்னும் அந்தப் பேச்சுத்தான். கோபம் வந்தால் கூடும்.

முகவருக்கு மின்னஞ்சல் மூன்று அனுப்பினேன். நல்ல இங்கிலீஷ். மூன்றுக்கும் தானியங்கிப் பதில்.

ஜூன் 5, வியாழன்

காலையில் அண்ணா. பத்து நிமிடம் சிக்னல்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். இங்க நான்தான் கப்ரன், நான்தான் குக். எலி பிடிக்கிற பூனையும் நான்தான்."

"வேற?"

"எஞ்சினுக்குக் கிரீஸ் பூசுறன். ஒவ்வொரு நாளும். சும்மா இருந்தா விசர் பிடிச்சிடும். ஒரு பொட்டுத் துரு இல்லை, தெரியுமோ?"

பிறகு விஷயம். நாளைக்குக் கோர்ட் ஆள் கப்பலைப் பார்க்க வருகிறான். இது பழைய இரும்பு என்று எழுதினால் போதும், கப்பல் உடைக்கிறவர்கள் உடனே வாங்கக் காத்திருக்கிறார்கள். "பத்து நாளில வீட்டில நிப்பன்."

என்ன பேசுவதென்று தெரியாமல் நாசகாரியைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்குக் கடைசியா என்ன நடந்தது?"

"முதலாம் உலக யுத்தம் முடிய, உடைக்க வித்திட்டினம்."

"குடுத்து வைச்ச கப்பல். எத்தினை பேர் அதில?"

"அறுபது."

"அவைக்கு என்ன நடந்தது?"

கட்டுரையில் இல்லை. கொதிகலன் எத்தனை, புகைபோக்கி எத்தனை, பீரங்கி எத்தனை, எல்லாம் இருக்கிறது. நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள் ஓர் எண் மட்டும். சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

நாசகாரியை உடைக்க விற்றதைச் சொல்லும் கடைசி வரியில் 'பரிதாபமாக' என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கட்டுரை போய்விட்டது.

கோவில், அம்மாவோடு. அண்ணா கப்பலேறிய நாளிலிருந்து வெள்ளிதோறும் இரண்டு அர்ச்சனை. அண்ணாவுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. முதல் தரம் ஐயர் கப்பலின் நட்சத்திரத்தைக் கேட்டபோது அம்மா திகைத்துப்போய் அண்ணாவின் சதயத்தையே கொடுத்தார். இரண்டுக்கும் இப்போது ஒரே நட்சத்திரம்.

இன்று அம்மா ஐயரை நிறுத்தினார். "ஐயா, கப்பலுக்கு இண்டைக்கு வேற மாதிரிச் செய்யோணும். அது உடைக்கிறதுக்கு வித்துப் போகோணும்."

"உடையோணும் எண்டோ அர்ச்சனை? பிள்ளையாருக்கு முன்னாலயோ?"

"தேங்காய் உடைக்கிறம்தானே ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல. நானாவது விளக்கியிருக்கலாம்.

"வழமை மாதிரியே செய்யிறன் அம்மா. மிச்சத்தை நீங்கள் மனசுக்குள்ள கேளுங்கோ."

கப்பலின் பெயர், சதய நட்சத்திரம், நீண்ட ஆயுள், ஆரோக்கியம். வழமை மாதிரியே.

ஜூன் 7, சனி

காற்று இல்லை. சரியான வெக்கை.

பத்து மணிக்கு அண்ணா. அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"கோர்ட் ஆள் வந்தவன். எல்லா இடமும் டோர்ச் அடிச்சுப் பாத்தான். எஞ்சின் வேலை செய்யுமோ எண்டு கேட்டான். போட்டுக் காட்டினன். ஒரே அடியில பிடிச்சிட்டுது!"

குரலில் சந்தோஷம். பிறகு: "ஓடக்கூடிய கப்பலாம். உடைக்க வித்தால் நட்டமாம். ஓட்டுறதுக்கு வாங்க ஆள் வரும்வரைக்கும் வைச்சிருக்கட்டாம்."

"எப்ப வருமாம்?" அப்பா.

"தெரியாதாம்."

அம்மா அழவில்லை. குசினி வாசற்படியில் இருந்துகொண்டு, "நான்தானே கேட்டனான்" என்றார். "வெள்ளிக்கு வெள்ளி நான்தானே கேட்டனான், அது நல்லா இருக்கோணும் எண்டு."

அப்பா மண்வெட்டியை எடுத்தார். திரும்ப வைத்தார்.

நான் கப்பலைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதியவள். ஒரு சொல் வரவில்லை. அறைக்குள் போய் அண்ணாவுக்குத் தட்டினேன்: இனிக் கிரீஸ் பூசாதேங்கோ.

பின்னேரம் பதில் வந்தது.

"அப்ப நாள் முழுக்க நான் என்ன செய்யிறது?"