நம் தொட்டியில் பக்கத்து வீட்டுப் பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

போன வாரம் போனில் கேட்ட குரலிலேயே நீ சுகமாக இருப்பது தெரிந்துவிட்டது, அதனால் அதை விசாரித்து வரியை வளர்க்கவில்லை. இங்கே நானும் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. கடையும் குறையில்லாமல் ஓடுகிறது. நீ கேட்ட போர்வைக்குள்ளேதான் இந்தக் கடிதத்தை மடித்து வைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று கதவைச் சாத்திவிடுவாய். இது முழுவதும் கேட்டுவிட்டுச் செய்யவேண்டிய காரியம். பக்கத்து வீட்டு சர்வேயர் மாமாவையும் அத்தையையும் பற்றியது. அவர்கள் மகன் உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி தூரத்தில்தானே இருக்கிறான், நீ அவனிடம் போகவேண்டும். படித்து முடிக்காமல் போனைத் தொடாதே.

குப்பையிலிருந்து ஆரம்பிக்கிறேன், விஷயமே அங்கிருந்துதான் கிளம்பியது. நீ இங்கே இருந்த காலத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் லாரி வரும், பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வருவார்கள், பையோ பெட்டியோ உடைந்த நாற்காலியோ எதை நீட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். நகராட்சி இப்போது அதை மாற்றிவிட்டது. வீட்டுக்கு இரண்டு சக்கரத் தொட்டி, சாம்பல் நிறத் தொட்டி கழிவுக்கு, பச்சை மூடி போட்டது அட்டை, பாட்டில், டின் மாதிரி திரும்ப உபயோகமாகும் சாமானுக்கு. கழிவை வாரம் ஒருமுறை எடுப்பார்கள், பச்சையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. லாரியில் ஒரே ஆள், அவனும் இறங்குவதில்லை. பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை நீண்டு வந்து தொட்டியை இடுப்போடு பிடித்துத் தூக்கிக் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறது. தொட்டிக்கு வெளியே வைத்த எதையும் அது தொடாது, மூடி சரியாக மூடாவிட்டாலும் தொடாது. தொட்டியை நானும் தட்டிப் பார்த்தேன், இருபத்தைந்து வருஷமாக பிளாஸ்டிக் வாளி விற்கிறவள் சொல்கிறேன், நல்ல சரக்கு, சக்கரம் மட்டும் சுமார். கைப்பிடி வீட்டைப் பார்த்து இருக்கவேண்டும் என்று படம் போட்டே தாள் கொடுத்தார்கள். தெரு முழுக்கக் கைப்பிடியைத் தெருப்பக்கமாகத்தான் வைத்தது, தூக்குகிற ஆளுக்கு வாகாக வைத்தே பழகிவிட்டோம் இல்லையா. முதல் நாளே ஏழெட்டு மூடி பிய்ந்து தொங்கியது. உன் அப்பா வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார், திரும்பிப் பார்த்தால் நம்முடையதும் தொங்குகிறது. ஆனால் நான் இந்த மாற்றத்தைக் குறை சொல்லமாட்டேன். பின்னால் தொங்கிக்கொண்டு வருவானே, நீ ஒல்லி அண்ணன் என்று கூப்பிடுவாய், அவன்தான் பயிற்சி எடுத்து இப்போது அந்த லாரியை ஓட்டுகிறான். "முதுகு பொழைச்சுதுக்கா, ராத்திரி புரண்டு படுக்க முடியுது" என்றான். அந்த ஒன்றுக்காகவே இது வந்தது நல்லது.

நமக்கு வந்த வம்பு வேறு. நம் பச்சைத் தொட்டியில் கூடாத சாமான் இருந்தது என்று நகராட்சியிலிருந்து என் போனுக்கு எச்சரிக்கை வந்தது, போட்டோவோடு. லாரிக்குள் கேமரா இருக்கிறது. நம் கடை அட்டைப் பெட்டிகள் விழுகிற நடுவில் கறுப்பாக மூன்று மூட்டை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு எச்சரிக்கை, இந்தத் தடவை நான்கு மூட்டை. மூன்றாவது வந்தால் தொட்டியையே எடுத்துப்போய்விடுவார்களாம், அப்புறம் கடை அட்டையை நான் தலையிலா வைத்துக்கொள்வது. உன் அப்பா உடனே ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பூட்டினால் அந்த இரும்புக் கை தொட்டியைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிவிட்டு வைத்துவிட்டுப் போகும், ஒரு காகிதம்கூட விழாது, பூட்டை உங்கள் வாய்க்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை லாரி வரும் நாள் விடியற்காலை நானே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடித்துத் தெருவே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை.

வந்தது சர்வேயர் மாமா. தெருவே அளவுகோல் என்று பட்டப்பெயர் வைத்த மனிதர், அந்த நேரத்திலும் இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு கையிலும் பை. சத்தம் வராமல் மூடியைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே வைத்துவிட்டு, மேலே நம் அட்டையை இழுத்து மூடிவிட்டுப் போனார். திறக்க இருந்த ஜன்னலை நான் திறக்கவில்லை. அவர் உள்ளே போனபிறகு இறங்கிப்போய் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். தடிமனான பை, ஓரத்தில் நீலக்கோடு, நம் கடைச் சரக்கு. நாலு மாதத்துக்கு முன்னால் "வாசனை வெளிய வராத பை ஏதாவது இருக்காம்மா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டவர் அவர்தான், பெரிய கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று தள்ளிவிட்டவள் நான். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை பார். அந்தக் கனமும் அந்த மெத்தென்ற தன்மையும் கைக்குத் தெரிந்தது, உன்னை வளர்த்த கைதானே. பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயப்பர். முழங்கால் வலி, அதனால் வெளியே வருவதில்லை என்று அத்தையைப் பற்றி அவர் சொல்லி எட்டு மாதமாகிறது, எட்டு மாதமாக நானும் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் வீட்டுக்கு வந்த சின்னச் சாம்பல் தொட்டியில் இத்தனை பை கொள்ளாது, நம் பச்சையில் போட்டால் அட்டைக்கு அடியில் மறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். பைகளைத் தூக்கி நம் சாம்பல் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். லாரி வந்ததும் ஒல்லி அண்ணனைக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "முன்னெல்லாம் அந்தப் பையை அவரே எங்கிட்ட நேரா குடுப்பார்க்கா. நானும் ஒண்ணும் கேக்கமாட்டேன், அவரும் ஒண்ணும் சொல்லமாட்டார். இப்ப என் கை கண்ணாடிக்குள்ள இருக்கு. எச்சரிக்கைகூட நான் அனுப்பலக்கா, கேமராவே அனுப்பிடுது" என்றான். அவனேதான் இன்னொன்றும் சொன்னான். நோயாளி இருக்கும் வீட்டுக்கு நகராட்சி பெரிய சாம்பல் தொட்டி கொடுக்கிறது, டாக்டர் சீட்டு வைத்து எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் மூடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் இந்த வீட்டில் நோயாளி என்று தெரியும். சர்வேயர் மாமா அதை ஒட்டவிடுவாரா சொல்.

கடையும் வீடும் ஒன்றாக இருப்பதால் நமக்கு வந்தது பெரிய சாம்பல் தொட்டி, அதில் பாதிகூட நிரம்புவதில்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். சரக்கைத் தள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், வாங்குகிறவர் நமக்கு உபகாரம் செய்கிற மாதிரி பேசுவது. சார், எங்கள் சாம்பல் தொட்டி வாசலை அடைக்கிறது, ஸ்கூட்டரை எடுக்கமுடியவில்லை, உங்கள் சின்னத் தொட்டியைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும் என்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, உள்ளே போய் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, நம் வாசலுக்கே நடந்துபோய், குனிந்து அளந்தார். "வாசல் நூத்தி எண்பது சென்டி இருக்கு. தொட்டி அறுபத்தஞ்சு. தாராளமா இருக்கேம்மா" என்றார். இருபத்தைந்து வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரிடம் நான் மாட்டியதில்லை. அப்புறம் என்ன, உள்ளதைச் சொல்லிவிட்டேன். சார், பையை எடுத்துக்கொடுத்தவள் நான், உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும், தொட்டியை மாற்றிக்கொள்ளுங்கள், எந்த ஸ்டிக்கரும் வேண்டாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றேன். டேப்பை உள்ளே சுருட்டப் பார்த்தார், அது போகவில்லை, திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "என் பையனுக்கு நீங்க ஒரு வரி எழுதக்கூடாது, போன் பண்ணக்கூடாது. தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடிவந்துடுவான். சத்தியம் பண்ணுங்க." எழுதமாட்டேன், போன் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் தொட்டி மாறியிருப்பதைப் பார்த்து என்ன சங்கதி என்று விசாரித்தபோது, பொய்யே சொல்லத் தெரியாத அந்த மனிதர் "அவங்க ஸ்கூட்டருக்கு இடிக்குது, நானே அளந்து பார்த்தேன்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

சத்தியம் வாங்கியபிறகுதான் என்னை உள்ளே விட்டார். அத்தைக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் புத்தி முன்னைவிடக் கூர்மை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அவர் ஒருவரே, அறுபத்தெட்டு வயதில். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மருந்துகளை நேரம் எழுதி வரிசையாக வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அத்தை பாதி வாயால் சிரித்து, "வாடி வாளிக்காரி. என்னைத் தவணை முறையில உன் தொட்டியிலதான் போட்டுட்டிருக்காராமே" என்றாள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் தண்ணீர் கொண்டுவரப் போன நேரம் பார்த்து இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பையன் போன் பண்றான். அம்மா தூங்கறான்னு சொல்லிடறார். நான் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

சத்தியத்தை நான் மீறப்போவதில்லை. அவனுக்கு எழுதமாட்டேன், போன் செய்யமாட்டேன். என் மகளுக்கு எழுதக்கூடாது என்று அவர் கேட்கவில்லை, நானும் அப்படிச் சத்தியம் கொடுக்கவில்லை. இது வியாபாரிப் புத்தி என்று நீ சொன்னால் சொல்லிக்கொள், அந்தப் புத்திதான் உன்னைப் படிக்கவைத்தது. இந்தச் சனிக்கிழமை ரயிலேறி அவனிடம் போ. போனில் சொல்லாதே, தனியாக உட்கார்ந்து கேட்கிற செய்தி இல்லை இது, யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். முதலில் ஏதாவது சாப்பிடவைத்துவிட்டுச் சொல். வேலையை விடவேண்டாம், இரண்டு வாரம் லீவு போட்டால் போதும், பகலில் உதவிக்கு வர ஒரு நர்ஸை நான் இங்கே பார்த்துவைக்கிறேன் என்று சொல். பையையும் தொட்டியையும் பற்றி மட்டும் மூச்சுவிடாதே. அப்பா செய்ததில் ஒன்று மகனுக்குத் தெரியாமலே இருக்கட்டும். சர்வேயர் மாமா என்மேல் கோபப்படுவார், என் கடைக்கு வராமல்கூட இருப்பார். பரவாயில்லை.

நீ தூரத்தில் இருக்கிறாய் என்று எங்களுக்கும் ஒன்றிரண்டை மறைக்கத் தோன்றும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன், அப்பாவின் முழங்காலுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, பக்கத்தில் எப்போதும் நாலு பேர் இருக்க நீண்டநாள் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யும்போது நீயும் அங்கேயே இரு. அம்மா தூங்கறா என்று சர்வேயர் மாமா சொன்னால், அவன் எழுப்பச் சொல்லவேண்டும்.

உன் அம்மா