மதில் ஓரத்து மஞ்சள் பூ

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. என் கணுக்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கேயே இன்னும் மூன்று வருஷம் வேலையை நீட்டிக்கச் சொல்கிறார்கள், நான் சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவதாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கால் வலியைச் சாக்கு சொல்லமாட்டேன், கை நன்றாகத்தானே இருக்கிறது. பேனாவை எடுத்தால் வந்துவிடு என்று எழுதிவிடுவேனோ என்ற பயம்தான்.

நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் ரயில் பாதை ஓரத்திலிருந்து வேரோடு கொண்டுவந்து மதில் பக்கம் வெயிலில் நட்டாயே ஒரு செடி, "இது நம்ம மண்ணுச் செடிம்மா, சும்மா விட்டுடு, வருஷா வருஷம் தானா வரும்" என்றாய். எனக்குச் சும்மா விட மனசு வருமா? காலையும் மாலையும் தண்ணீர், மாதம் தவறாமல் எரு, மதிய வெயிலுக்குப் பழைய படுக்கை விரிப்பில் பந்தல். நாலு வருஷமும் இலை மட்டும் கொழுகொழுவென்று வந்தது, பூ என்ற பேச்சே இல்லை. காய்ந்து மண்ணோடு போகும், மறுபடி முளைக்கும், மறுபடி நான் வாளியோடு நிற்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டதும் பொறுப்பை உன் அப்பாவிடம் கொடுத்தேன். தினமும் கேட்பேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு" என்பார். ஒரு நாள்கூட ஊற்றவில்லை மனுஷன். விரிப்பு காற்றில் பறந்துபோனதுகூட அவருக்குத் தெரியாது. ஐந்து வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து நேற்று நொண்டிக்கொண்டே போய்ப் பார்க்கிறேன், இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது, உடம்பு முழுக்க மஞ்சள். எண்ணினேன், நாற்பத்தொரு பூ. அப்பாவைத் திட்ட வாயெடுத்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் "கால் வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சந்தோஷம்தான், ஆனாலும் நான் இல்லாமல் பூத்துவிட்டதே என்று ஓர் ஆற்றாமை. உள்ளே வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். உன்னை நம்பிப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், அந்த வரியை முதல் தடவை நான் அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். கையெழுத்துப் போடு கண்ணு. உன்னைத் தேடுவது எனக்கு நிற்காது, யாருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தாலும் உன் தோள் அளவுதான் வாயில் வருகிறது. அதற்காக நீ வந்து நிற்க வேண்டாம்.

எடுத்த காரியமெல்லாம் உனக்கு நிறைவாக முடியட்டும், நோய்நொடி உன் பக்கம் வராமல் இருக்கட்டும். லீவு கேட்கும்போது மட்டும் மறக்காமல் இந்த மாதத்தைக் கேள், பூ இருக்கும். இனிமேல் தண்ணீர் ஊற்றமாட்டேன், சத்தியம். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்காதே என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
நொண்டி நடக்கும் உன் அம்மா